ஆத்தா இறங்கிய உடம்பு

ஓடுகிறேன்.

பின்னால் வேட்டு. ஒன்று. இன்னொன்று. தரை அதிர்கிறது. காதுக்குள் இரைச்சல். அதற்கு மேலே பம்பை. இடப்பக்கம் உறுமி, இழுத்து இழுத்து. ஆட்கள் கத்துகிறார்கள்.

"வழி உடுங்க! வழி உடுங்க!"

"அக்கட்ட பள்ளமுங்க! புள்ளையப் புடிங்க!"

காப்பிச் செடி முகத்தில் அடிக்கிறது. காலில் செருப்பு இல்லை. மூச்சை இழுக்கிறேன், போதவில்லை. இன்னும் இழுக்கிறேன், இன்னும் போதவில்லை. விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. பிரிக்க வரவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. நெஞ்சு அடிப்பது வேட்டுச் சத்தத்தை விடப் பெரிதாகக் கேட்கிறது. செத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதினேழு வயது. இந்த நிமிடத்தில் சாகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்தேன். பிடித்துவிட்டார்கள்.

யாரும் யாரையும் சுடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நாகலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் பண்டிகை. பங்குனி மாதம். வேட்டு, கோயில் வேட்டு. ஏற்காட்டு மலையில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. சுற்றுலா வந்தவர்கள் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் நான் தப்பி வந்தவள். தப்பி வந்தவள் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் எனக்குப் பேச வரும். நீளமாகச் சொன்னால் இப்போதும் மூச்சு வாங்குகிறது.

என் பெயர் பவித்ரா. லைன் வீட்டில், எஸ்டேட் வேலையாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பாவுக்கு எஸ்டேட்டில் கவாத்து வேலை, செடிக்கிளை வெட்டுவது. அம்மா காப்பிப் பழம் பறிக்கிறவள். நான் ப்ளஸ் டூ. நர்ஸ் ஆவேன் என்று லைன் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்கள். பப்ளிக் பரீட்சை பாதி முடிந்திருந்தது. இந்த நோய் அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை வந்து போயிருந்தது. ஒருமுறை ஸ்கூல் பஸ்ஸில், கூட்டத்தின் நடுவில். ஒருமுறை பரீட்சை ஹாலில். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன பெயர் இருக்கிறது அதற்கு?

பெயர் வைத்தது பெரியப்பா. அப்பாவின் அண்ணன். மற்ற நாளில் எஸ்டேட் வாட்ச்மேன், பண்டிகை என்றால் கோயில் பூசாரி. மரத்தடியில் என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். ஒரு குடம். பல் கிட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினார். மடங்கிய என் விரல்களைப் பார்த்தார். நடுங்குகிற தோளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆத்தா எறங்கிட்டா."

குலவைச் சத்தம். பெண்கள் விழுந்து கும்பிடுகிறார்கள். அம்மாவும் கும்பிடுகிறாள். என் அம்மா, என் காலில். அவளை எழுப்பக் கை நீட்டினேன், விரல் பிரியவில்லை. பேசுவதற்கு மூச்சு இல்லை.

அதோடு போயிருக்கும். மறுநாள் மதியம் மழை வந்தது.

காப்பிக் காட்டுக்காரர்களுக்கு அந்த மழை என்னவென்று தெரியும். பூ மழை. பங்குனிக்குள் ஒரு நல்ல மழை பெய்தால்தான் மொட்டு விரியும். பெய்யாவிட்டால் மொட்டு காய்ந்துபோகும். அந்த வருடத்து வேலை அதோடு போச்சு. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தகர ஓட்டில் முதல் துளி விழுந்த சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. பிறகு கொட்டியது. பத்து நாளில் காடு வெள்ளையாகப் பூத்தது. மல்லிகை மாதிரி வாசனை, ஊரெல்லாம். அந்த வாசனை வந்தால் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

மழை கொண்டுவந்தவள் நான். எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள். மலையில் இருக்கிற அத்தனை உடம்பையும் விட்டுவிட்டு ஆத்தாவுக்கு நாற்பது கிலோ இருந்த இந்த உடம்புதான் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

மீதிப் பரீட்சை எழுதவில்லை. ஆத்தா பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு போவாளா?

முற்றுகை தொடங்கியது. நான் அப்படித்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை தோறும் முன்னறையில் மணை போட்டு உட்காரவைத்தார்கள். மஞ்சள் சேலை. வேப்பிலை. சாம்பிராணிப் புகை. கதவை அடைத்துக்கொண்டு ஆட்கள். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதையும் புகை வெளியே போகக்கூடாது என்று சாத்திவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வந்துவிடும். வந்தால் கூட்டம் இன்னும் கூடும். கூட்டம் கூடினால் இன்னும் பலமாக வரும். வியாழக்கிழமையே கை வேர்க்கத் தொடங்கிவிடும். புதன்கிழமை சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமையே நாள் எண்ணத் தொடங்கிவிடுவேன். வாரத்தில் எனக்கு மிஞ்சியது சனிக்கிழமை மட்டும்.

சட்டங்கள் போட்டார்கள். வெளி வீட்டில் சாப்பிடக்கூடாது. சாவு வீட்டுப் பக்கம் போகக்கூடாது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே கூடாது. பிறப்பும் சாவும் நடக்கிற இடம், தீட்டு. ஆத்தா இறங்கிய உடம்பில் ஊசி ஏறக்கூடாது. ஏறினால் கோபித்துக்கொண்டு போய்விடுவாள். இது எங்கள் லைன் சட்டம். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

தண்ணித் தொட்டி மேட்டில் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை அங்கே உட்கார்ந்து எனக்கு வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு டாக்டரம்மா தமிழில் பேசினார். விரல் மடங்கும் என்றார். உதடு மரத்துப்போகும் என்றார். சாகப்போகிறோம் என்று தோன்றும், ஆனால் சாகமாட்டோம் என்றார். பேனிக் அட்டாக் என்றார். மருந்து இருக்கிறது, சரியாகிவிடும் என்றார். தொட்டிமேட்டில் விக்கி விக்கி அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். தெரியாமல் மாட்டிக்கொண்டிருப்பது ஒரு வேதனை. தெரிந்தபிறகும் மாட்டிக்கொண்டிருப்பது வேறு.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டாள். முழுவதும் கேட்டாள்.

"இத வெளிய பேசாத கண்ணு" என்றாள். "கணக்கெழுதுற அந்த ரைட்டரு போன வருசம் என் மூட்டையத் தலகீழாக் கொட்டி, பச்சக்காய் பறிச்சயான்னு ஊரு பாக்க வெச்சு ஏசுனாரு. இப்ப நம்மூட்டு வாசல்ல செருப்பக் கழட்டிப்போட்டு வராரு. அத நெனச்சுப் பாரு சாமி."

நினைத்துப் பார்த்தேன். அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன்.

அப்பா வேறு மாதிரி. அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். பேசினால் "வாங்க", "சாப்புடுங்க". பெற்ற மகளை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்துப் பார்க்க வந்தவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார்.

மழைக்காலம் வந்தது. ஆடி வெள்ளி. கூட்டம் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கிறது. கொட்டச்சேட்டிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிவந்திருந்தார். மோனிஷா. ப்ளஸ் ஒன். ஓடைப்பக்கம் போனபோது காத்துக் கருப்பு பிடித்துவிட்டது என்றார்கள். ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். பஸ்ஸைக் கண்டால் நடுங்குகிறாளாம். பேய் ஓட்டவேண்டும்.

அவளை எனக்கு எதிரே உட்காரவைத்தார்கள். பெரியப்பா கையில் சாட்டை. கோயில் சாட்டை, திரித்த நார். அது வீசும்போது வரும் சத்தம் தெரியும் எனக்கு. படுவதற்கு முன்பே தோல் சுருங்கும்.

புகைக்கு நடுவில் அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் மடங்கியிருந்தன. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தாள். கதவு எங்கே இருக்கிறது என்று கண் தேடுகிறது.

என்னையே எதிரே உட்காரவைத்திருந்தார்கள்.

பெரியப்பா சாட்டையை ஓங்குகிறார். நான் எழுந்தேன்.

"அடிக்காத!"

சாட்டை நின்றது. அதுவரை நான் எதையும் நடித்ததில்லை. வந்தது எல்லாம் நிஜமாகவே வந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக நடித்தேன். தலையை விரித்துப் போட்டேன். குரலைத் தடிக்க வைத்தேன்.

"இவ என் புள்ள. இவ மேல அடி உழுந்தா என் மேல உழுந்த மாதிரி. கீழ கூட்டிட்டுப் போ. சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்கு. மனசுக்குப் பாக்குற டாக்டரு கிட்ட."

புகையில் யாரோ இருமினார்கள். மோனிஷாவின் அம்மா கைகூப்பியபடியே கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குங்களா தாயி?"

"ஆமா. நாளைக்கே."

பெரியப்பா என்னைக் கூர்ந்து பார்த்தார். "எந்தச் சாமியும் ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னதில்லீங்களே" என்றார். அவர் முட்டாள் இல்லை. "நான் சொல்றேன்" என்று கத்தினேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அவர் சாட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

போனார்கள். ஆத்தா சொன்னால் மறுபேச்சு ஏது?

ஐப்பசியில் அந்த அம்மா தேங்காய் பழத்தோடு வந்து நின்றார். மாத்திரை சாப்பிடுகிறாளாம். மாதம் ஒருதரம் டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறாளாம். ஸ்கூல் பஸ்ஸில் தனியாக ஏறிவிட்டாளாம். "நீங்க குடுத்த புள்ளைங்க தாயி" என்று அழுதார். பேச்சு மலை முழுக்கப் பரவியது. நாகலூர் ஆத்தா, வயசுப் பிள்ளைகளுக்குச் சரியான வழி சொல்கிறாள். சாமி உத்தரவு என்பதால் அப்பாமார்களும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்கள். தூக்கம் வராத காலேஜ் பையன் ஒருவன். கையைக் கீறிக்கொண்ட பெண் ஒருத்தி. பேச்சையே நிறுத்திவிட்ட இன்னொரு பெண். அவளோடு கூடவே வந்த தங்கை, அவளுக்கும் அதேதான். எல்லோரையும் கீழே அனுப்பினேன். கண்டக்டர் மாதிரி எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தேன். நான் மட்டும் மணையில்.

மோனிஷா ஒரு சனிக்கிழமை தனியாக வந்தாள். தொட்டிமேட்டுக்கே வந்துவிட்டாள். கும்பிடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கும் இதேதானுங்களா?"

அக்கா. ஒரு வருடமாக அந்த வார்த்தையை யாரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எங்கூட வந்துருங்க. சேலத்துல எங்க சித்தி ஊடு இருக்குதுங்க" என்றாள். பதினாறு வயது. அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

சுலபமில்லை. அடுத்த பங்குனி வந்துவிட்டது. பூ மழை இன்னும் வரவில்லை. ஊர் மறுபடியும் வானத்தைப் பார்க்கிறது. வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது. பண்டிகைக்குக் காப்புக் கட்டப்போகிறார்கள். மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஊருக்கே அதுதான் விதி. எனக்குச் சொல்லவே வேண்டாம்.

காப்புக் கட்டும் நாளில் ஒரு யோசனை செய்தேன். மற்றவர்களை அனுப்பிய வழியிலேயே என்னையும் அனுப்பிக்கொள்ளலாமே. மணையில் உட்கார்ந்து குரலைத் தடித்து, "நான் போறேன். இந்த ஒடம்பு எனக்கு வேண்டாம். இவளக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என்ன கொற வெச்சோம் தாயி? கெடா வேணுமா? ரெண்டு கெடா வெட்டறோம்."

"வெள்ளிக் கண்மலர் சாத்தறோமுங்க" என்றது ஒரு குரல்.

"பட்டு, பட்டு" என்றது இன்னொன்று.

ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போனது. ரைட்டர் எஸ்டேட் சார்பில் கோயிலுக்குத் தளம் போட்டுத் தருவதாகச் சொன்னார். யாரும் பவித்ராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளுக்கு என்ன உடம்பு, ஏன் ஆஸ்பத்திரி, ஒன்றும் இல்லை. ஆத்தா போகக்கூடாது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு நிஜமாகவே வந்துவிட்டது. மூச்சு இறுகியது. விரல் மடங்கியது. அந்த மடங்கிய கையிலேயே காப்பைக் கட்டினார்கள்.

"தாயி இருக்கறேன்னு சொல்லிட்டா" என்றார் பெரியப்பா.

காலை. மறுநாளே முதல் பஸ். பனி. இரண்டு அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இஞ்சின் உறுமுவது மட்டும் கேட்கிறது. ஏறினேன். சாதாரணச் சுடிதார். கையில் மஞ்சள் காப்பு. யாரோ ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"டிரைவரே, நிறுத்துங்க! காப்புக் கட்டுன புள்ளைங்க!"

பிரேக் சத்தம். லைன் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவருகிறார்கள். முன்னால் அப்பா. படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். மூச்சு வாங்குகிறது அவருக்கு. நான் படியில் நிற்கிறேன். இந்த முறை குரலை மாற்றவில்லை.

"அப்பா, நான் பவிதான். ஆத்தா இல்ல. எனக்கு நொம்ப முடியல. போவோணும்."

அப்பா காப்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்து இறக்கியிருக்கலாம், எட்டும் தூரம்தான். பின்னால் பெரியப்பா கத்துகிறார், "எறக்குடா, எல்ல தாண்டப் போறா!" அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார்.

"போயிட்டு வாங்க" என்றார்.

கண்டக்டர் விசில். பஸ் நகர்ந்தது. மகளை அனுப்பினாரா, சாமியை அனுப்பினாரா? நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

இரவே தொட்டிமேட்டிலிருந்து போனில் சொல்லியிருந்தேன், ஏற்காட்டில் மோனிஷா நின்றிருந்தாள். சேலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு இரண்டு முறை வந்தது. கியர் மாறும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு துள்ளுகிறது. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். "மூச்ச வெளிய உடுங்கக்கா. இழுக்காதீங்க. வெளிய உடுங்க." யாரும் குலவை போடவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவ்வளவுதான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என் கையில் இருந்த காப்பை அவிழ்க்கச் சொல்லவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நான் பேசத் தொடங்கினேன். ஊசி கூடப் போடவில்லை. எவ்வளவு பயந்தோம் அந்த ஊசிக்கு.

இப்போது எனக்கு இருபது. சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. மருந்து குறைந்திருக்கிறது. வருவது நின்றுவிடவில்லை, வந்தாலும் நான் ஓடுவதில்லை. உட்கார்ந்து மூச்சை வெளியே விடுகிறேன். போய்விடுகிறது.

இழந்தவற்றைச் சொல்கிறேன். மறக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருடத்துப் பூ மழை. வரவே இல்லை. மொட்டு காய்ந்தது. காப்புக் கட்டியவள் எல்லை தாண்டியதால் வந்த வினை என்றார்கள். பெரியப்பா எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை. ரைட்டர் செருப்போடு உள்ளே வருகிறார். அம்மா இன்னும் அதே எஸ்டேட்டில்தான் பழம் பறிக்கிறாள். போனில் பேசினால் சாப்பிட்டாயா என்று கேட்பாள், வேறெதுவும் கேட்கமாட்டாள். நர்ஸ் படிப்பு போனது. எழுதாத பரீட்சைகளைப் பிறகு எழுதித் தேறிவிட்டேன், ஆனால் அந்த ஆசை திரும்பி வரவில்லை.

உயிர் ஒன்று.

சக்திவேல். தலைச்சோலைக்காரன். பத்தொன்பது வயது. மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராதவன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்றார். ஆத்தா ஒரு வார்த்தை சொன்னால் மறுக்கமாட்டார் என்று நம்பி, அவன் அம்மா அவனைக் கெஞ்சி வெளியே கொண்டுவந்து இரண்டு பஸ் மாறி நாகலூருக்கு அழைத்துவந்தார். ஒரு வெள்ளிக்கிழமை. நான் போய்ச் சில வாரம் ஆகியிருந்தது, அவர்களுக்குத் தெரியாது. கதவு பூட்டியிருந்தது. கடைசி பஸ் வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு திரும்பிப் போனார்கள். அவன் மறுபடியும் அறைக்குள் போனான். அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

மோனிஷா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தலைச்சோலைக்குப் போனேன். அவன் அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் விரித்து உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு நா மட்டும் இருந்திருக்கக் கூடாதுங்களா தாயி?"

இன்னும் சில வாரம் அந்த மணையில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கில் என் பெயர் இருந்திருக்கும். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். கடைசி பஸ் வரும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.